மிச்சம் ஐந்து தாள்

நீலச் சொட்டு இந்த முறையும் முங்கிப்போயிற்று. தொட்டியில் கடற்பாசிக் கஞ்சி தெளிவாக, அசையாமல் இருந்தது. குறை அதில் இல்லை. சாயத்தை நான்தான் அரைத்தேன், கண்ணுக்கு இடுகிற மை மாதிரி அரைத்தேன். குறை அதிலும் இல்லை. குறை எதில் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். சாயத்தோடு இரண்டு சொட்டுப் பித்தநீர் கலந்தால்தான் அது கஞ்சியின் மேல் மிதக்கும். மிதந்து வட்டமாக விரியும். விரிந்ததைக் குச்சியால் கீறிச் சுழித்துவிட்டு, அதன் மேல் காகிதத்தைக் கிடத்தி எடுத்தால் பளிங்குக் கல்லில் ஓடும் ரேகைகள் போல அத்தனையும் காகிதத்தில் ஏறிக்கொள்ளும். பித்தநீர் இல்லாவிட்டால் சாயம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் தொழில். என் புருஷன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் லோரிச் சத்தம் கேட்டது. சட்டென்று குனிந்து உட்கார்ந்தார். லோரி நிற்காமல் போய்விட்டது. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று என்னையும் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஜப்பான்காரன் பட்டியலில் அந்தப் பேரை எழுதிவைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கூப்பிட்ட பிறகு, நான் மட்டும் சொல்லாமல் இருந்து எதைக் காப்பாற்றப் போகிறேன்? தம்பிராஜா. மலாக்காவில் பைண்டிங் கடை ஒன்றில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். பெரிய பெரிய பேரேடுகளின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டுகிற மார்பிள் காகிதத்தைக் கடைக்காரர் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்தார். இவர் அதை உற்றுப் பார்த்து, கெடுத்து, மறுபடி கெடுத்து, காஜா பெராங்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே போடக் கற்றுக்கொண்டார். என் பேர் சிவகாமசுந்தரி. சாயம் அரைப்பது, கஞ்சி காய்ச்சுவது, படிகாரத் தண்ணீரில் காகிதத்தை நனைத்துக் காயவைப்பது எல்லாம் நான். தொழில்காரி என்று என்னை யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

சித்திரை மாதம் லோரி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். அடுத்த வீட்டு மருதமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கையைக் கழுவவிடாமல் ஏற்றினார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்தவர்களோடு கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவனும் வந்தான். இவரைக் கழுத்தில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மார்பிள் தாள்களை அந்த அதிகாரி பார்த்துவிட்டான். நின்றான். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். அவன் அம்மாவின் ஊரில் தண்ணீரில் மை விட்டு இதே மாதிரி காகிதம் எடுப்பார்களாம். கூட வந்த ஆபீஸ் கிராணி கருணாகரன் மொழிபெயர்த்துச் சொன்னதுதான். கருணாகரன் இந்த ஊர்ப் பையன்தான், ஆறு மாதத்தில் ஜப்பான் பாஷை படித்துவிட்டு எங்களைப் பார்த்தால் தமிழே மறந்துபோன மாதிரி பேசுகிறவன். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு லோரி போயிற்று. இவர் வீட்டில் நின்றார். மூன்றாம் நாள் வாசல் கதவில் ஒரு சீட்டை ஆணி அடித்தார்கள்: இந்த வீட்டு ஆள் ராணுவ அலுவலகத்து வேலையில் இருக்கிறார், தொடக்கூடாது. வேலை இருக்கிற வரைக்கும்தான் சீட்டு. வீட்டில் இருக்கிற வரைக்கும்தான் சீட்டு. வாசலைத் தாண்டினால் அவரும் மருதமுத்துவும் ஒன்று. அன்றிலிருந்து ஐந்து மாதமாக இவர் வாசலைத் தாண்டவில்லை. பின்கட்டுக்கும் முன்கதவுக்கும் நடந்து நடந்து சிமெண்டுத் தரையே வழுவழுப்பாகிவிட்டது. ராத்திரி தூக்கத்தில்கூடச் சத்தம் போட்டு இருமுவதில்லை.

நோன்பு மாதம் பிறந்ததும் அதிகாரி ஒரு புது வேலை கொடுத்தான். பெருநாள் அன்று மலாக்காவில் உள்ள பள்ளிவாசல்களுக்கெல்லாம் அவன் மேலிடத்துச் சார்பில் பரிசு கொடுக்க வேண்டுமாம். மார்பிள் தாளில் அரபு எழுத்து. பன்னிரண்டு. தாளையும் அவனே எண்ணிக் கொடுத்தான், கெட்டுப்போனால் போட இரண்டு கூட. நல்ல காகிதம் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம் அது.

எழுதுவதற்கு உஜோங் பாசிரிலிருந்து உதுமான் லெப்பை வந்தார். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர், கல்யாணப் பதிவும் கல்லறை எழுத்தும் அவர் கைதான். பைண்டிங் கடைக்குக் குர்ஆன் தைக்கக் கொண்டுவரும் பழக்கத்தில் இவருக்குச் சினேகிதம்; எனக்கு அண்ணன் முறை, நானா என்றுதான் கூப்பிடுவேன். நான் போய்க் கூப்பிட்டபோது ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அல்லாட பேரு மட்டும்தான் எழுதுவேன். ராஜா பேரு, ராணுவத்துப் பேரு ஒன்னும் பக்கத்துல வரக்கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா தம்பிக்காக வர்றேன்" என்றார்.

அதிகாரி ஒத்துக்கொண்டான். பிஸ்மில்லா என்று தொடங்கும் அந்த ஒரு வரி, பன்னிரண்டு தாளிலும்.

அவர் எழுதுவதைப் பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். மையில் எழுதுவதில்லை. கருவேலம் பிசினைக் கரைத்து வைத்துக்கொண்டு, நாணல் பேனாவைத் தொட்டு வெள்ளைத் தாளில் எழுதுவார். ஒன்றும் தெரியாது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நத்தை போன தடம் மாதிரி ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். அது காய்ந்த பிறகு தொட்டியில் சாயத்தின் மேல் கிடத்தி எடுப்போம். காகிதம் சாயத்தைக் குடிக்கும். பிசின் இருக்கிற இடத்தில் சாயம் பிசினோடு நின்றுவிடும். தாள் காய்ந்ததும் ஈரத்துணியால் பிசினை ஒற்றி ஒற்றி எடுத்தால், நீலமும் மஞ்சளுமாகச் சுழித்த தாளின் நடுவில் எழுத்து வெள்ளை வெளேரென்று எழுந்து வரும். ஒற்றிய துணியை அலசுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிளிம்பிங் மரத்தடியில் ஊற்றுவேன். எழுத உட்காரும் முன்னால் எங்கள் கிணற்றடியில் ஒளு செய்வார்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால். நோன்பு வாயோடு அவ்வளவு தூரம் நடந்து வந்தவர், ஒரு சொட்டும் தொண்டைக்குள் போகாமல் கொப்பளிப்பதைப் பார்க்க எனக்குத்தான் தாகம் எடுக்கும். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஜப்பான்காரன் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். "சூரியன் இன்னும் அவன் பேச்சக் கேக்கல, அது வரைக்கும் எனக்கு நோன்பு தொறக்கறதுல குழப்பம் இல்ல" என்பார்.

முதல் தாள் போடும் முன்னாலேயே பித்தநீர் தீர்ந்துவிட்டது. எப்போதும் மாட்டுப் பித்துதான். பாசாரில் மாட்டுக்கறிக் கடை பாயிடம் வாங்குவோம். அதை வீட்டுக்குள் கொண்டுவர ஆரம்பித்த புதிதில் நான் சாமி படத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஜாடியைத் திறப்பேன். பிறகு வயிறு சாமியையும் என்னையும் பழக்கிவிட்டது. இப்போது மாடு ஏது? வண்டி மாட்டைக்கூட ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கறிக்கடைப் பலகையில் பூனை படுத்துக் கிடந்தது. ஆட்டுப் பித்துக்கு அலைந்தேன். குருபோங் வரை நடந்து போனேன். ஆடு வைத்திருந்தவர்கள் என்னை உளவுக்காரி என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். பெருநாளுக்கு இருபத்திரண்டு நாள். இவர் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், நான் சொன்னேனே, எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் நான் சீனன் கறிக்கடைக்குப் போனேன். எங்கள் தெருமுனையிலேயே கடை. எங்கள் வீட்டில் அந்தக் கறியைச் சாப்பிடுவதில்லை என்றாலும் கடை முதலாளித் தவ்கேயை எனக்குத் தெரியும். பித்தப்பை வேண்டும் என்று கையால் காட்டினேன். மருந்துக்கு என்று நினைத்துக்கொண்டு, பச்சைப் பசேலென்று இரண்டு பைகளை இலையில் கட்டிக் கொடுத்தான். ஜப்பான்காரன் சமையலுக்கு அறுத்த பன்றி. வரும் வழியில் நான் ஒன்றுமே யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். மிதக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும் என்று யோசித்தேன். மிதந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். "ஆட்டுப் பித்து கிடைச்சிருச்சுங்க" என்று இவரிடம் சொன்னேன். எட்டி நின்று வடிகட்டி ஜாடியில் ஊற்றினேன்.

மிதந்தது. அப்படி மிதந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு சொட்டு விழுந்ததும் தொட்டி முழுக்க ஓடிப் பரவி, அடுத்த சொட்டுக்கு இடம் விட்டு ஒதுங்கி, மஞ்சள் நீலத்துக்குள்ளும் நீலம் மஞ்சளுக்குள்ளும் கலக்காமல் நின்றது. இவர் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவை பல் தெரியச் சிரித்தார். லெப்பை எழுதி வைத்திருந்த தாளைக் கிடத்தி எடுத்து, காயவைத்து, நான் பிசினை ஒற்றினேன். எழுத்து வந்தது. லெப்பை தாளை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார், வலது கண், இடது கண். பிறகு உதட்டில்.

நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மனுஷன் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவார். எழுத வேறு ஆள் இல்லை. வேலை நின்றால் சீட்டு போகும், சீட்டு போனால் இவர் போவார். சயாமிலிருந்து ஒரே ஒரு ஆள் திரும்பி வந்திருந்தான், தோட்டத்து நடராஜன். அவன் காலை நான் பார்த்திருக்கிறேன்; முழங்காலுக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். லெப்பை நிதானமாகத்தான் எழுதுவார், இரண்டு நாளைக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளையும் அவர் கண்ணில் ஒற்றி முத்தமிட்டார். ஏழு தாள், ஏழு முறை. ஏழு முறையும் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு ஆனதும் கருணாகரன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

எட்டாவதில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. தாளைக் கிடத்தும்போது அடியில் ஒரு மூச்சுக் காற்று நின்றால் போதும், அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். எழுத்தின் தலையிலேயே வட்டம். அதிகாரி இதைத் தொடமாட்டான். லெப்பை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஒத்தி எடுக்காத தங்கச்சி, அப்படியே நான் கொண்டுபோறேன்" என்றார்.

"எதுக்கு நானா?"

"அல்லாட பேரைக் கிழிக்க ஏலாது, எரிக்கவும் மனசு வராது. தண்ணில கரைக்கத்தான் வேணும். நாச்சியா பத்து நாளா காய்ச்சல்ல கெடக்கறா. கஞ்சி எறங்கல. முன்னாடின்னா குங்குமப்பூவுல பீங்கான்ல எழுதிக் கரைச்சுக் குடுப்போம், இப்ப குங்குமப்பூவுக்கு எங்க போறது? பிசின்தான எழுத்து, அதை இளஞ்சூட்டுத் தண்ணில விட்டுக் குடுத்துடறேன். கொஞ்சம் நீலம் வரும். அவுரிதான, மருந்துதான்."

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. குமிழி விழுந்ததே அவர் பெண்டாட்டிக்காகத்தான் என்று நினைத்துக்கொண்ட குரல். அந்தப் பிசின் தொட்டியில் என்னென்ன குடித்திருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். நாச்சியாவை எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு வெற்றிலைத் தட்டு கொண்டுவந்தவள்.

"அதைக் குடுக்காதீங்க நானா."

"ஏம்மா?"

"அந்தப் பித்து ஆட்டோடது இல்ல." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தேடிப் பார்த்தேன். வேறு வழி எதுவும் அகப்படவில்லை. "பன்னியோடது. ஏழு தாளும் அதுலதான்."

தாள் அவர் இரண்டு கையிலும் இருந்தது. அதைக் கீழே போட முடியாது, அதில் இருப்பது ஆண்டவன் பேர். கையில் வைத்திருக்கவும் முடியாது. நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. கைகளை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டு, தாளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் நின்றார். உதடு மட்டும் அசைந்தது, பிறகு அசைவதையும் நிறுத்தி இறுக மூடிக்கொண்டது. அந்த உதட்டால்தான் ஏழு முறை முத்தமிட்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்படியே திரும்பி, நீட்டிய கையோடு வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினார். செருப்பை மறந்துவிட்டுப் போனார்.

தட்டிக்குப் பின்னாலிருந்து இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் சொன்ன?"

"அந்தம்மா குடிச்சிருப்பாங்க."

"கை தவறித் தொட்டியில போட்டுட்டேன், கிழிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருந்தா? அவரு போயிருப்பாரு. நாளைக்கு வந்திருப்பாரு." குரலை உயர்த்தவில்லை, அவருக்கு அது மறந்தே போயிருந்தது. "குடிக்காம தடுக்கறதுக்கு ஆயிரம் பொய் இருக்கு, சுந்தரி. நீ அதுக்காகச் சொல்லல."

உண்மைதான். நான் நாச்சியாவுக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை, அதனால் சொன்னேன். சுமையை இறக்கி வைக்கிறேன் என்று அவர் தலையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். தெரியாமல் செய்த ஏழும் அவருக்குப் பாவமில்லை. நான் வாயைத் திறந்த நிமிஷத்திலிருந்து அந்த ஏழும் அவருடையவை. இதையெல்லாம் நினைத்து அழுதேன். அழுததில் பாதி, இனி இவரைக் கொண்டுபோய்விடுவார்களே என்பதற்கு. எந்தப் பாதி பெரிது என்று எனக்கே தெரியாது.

இரண்டு நாள் லெப்பை வரவில்லை. கருணாகரன்தான் வந்தான். "மிச்சம் அஞ்சு தாளை வாங்க வெள்ளிக்கெழமை அதிகாரியே வர்றாரு" என்றான். வெறும் தொட்டியைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, "வெள்ளிக்கெழமை வேற லோரியும் வருது அக்கா, பாத்துக்குங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான். முதல் தடவையாக அவனுக்குத் தமிழ் நன்றாக வந்தது. இவர் வேட்டி இரண்டையும் துவைத்து மடித்து வைக்கச் சொன்னார். மடித்து வைத்தேன். சயாமில் மழை அதிகமாமே என்று ஒரு கோணிப்பையையும் மடித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் லெப்பை வந்து, விட்டுப்போன செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். அவர் முகம் வற்றியிருந்தது.

"நாச்சியாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கா." உள்ளே வந்தார். "அதை ஆத்துல விட்டேன். எத்தனை பாக்கி?"

"அஞ்சு."

"தாளக் கொண்டா."

கிணற்றடிக்குப் போகவில்லை. நான் வாளியில் தண்ணீர் இறைத்து வைத்திருந்தேன், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கை காய்ந்தபடி, காலில் புழுதியோடு அப்படியே உட்கார்ந்து பேனாவைப் பிசினில் தோய்த்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆண்டவன் மேல் இந்த மனுஷனுக்கு இருந்ததையே நான் உடைத்துவிட்டேனா? ஐந்து தாளையும் நிறுத்தாமல் எழுதினார். பேனா போகிற போக்கு வேறாக இருந்தது. முன்பெல்லாம் நடுவில் ஒரு நீண்ட இழுப்பு வரும், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். அது வரவில்லை.

தாள்கள் காய்ந்து, சாயத்தில் முங்கி, மறுபடி காய்ந்து, பிசினை ஒற்றி எடுத்தபோது அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. வெள்ளையாக எழுத்து எழுந்தது. அழகில் குறைச்சலில்லை. ஆனால் அது அந்த வரி இல்லை. எழுத்துத் தெரியாத எனக்கே தெரிந்தது. லெப்பை அதைக் கண்ணில் ஒற்றவில்லை. கையாலும் தொடவில்லை, எட்டி நின்று விரலால் காட்டினார்.

"இது தமிழ், தங்கச்சி. எழுத்து மட்டும்தான் அரபு. எங்க வீட்டுப் பொம்பளைங்க கடிதாசு எழுதறது இப்படித்தான்." வலது ஓரத்துக்கு நேராக விரலை நீட்டினார். "இது உம் புருஷன் பேரு." விரல் இடது பக்கமாக நகர்ந்தது. "தம்பிராஜா வீட்டிலேயே இருக்கட்டும்."

இவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் கோணியது.

"யாராச்சும் படிச்சிட்டா நானா?" என்றேன்.

"மலாய்க்காரங்க எழுத்தைக் கூட்டுவாங்க, அர்த்தம் புரியாது. நம்ம ஆளு படிச்சா வாயைத் தொறக்க மாட்டான்னு நெனக்கறேன்." நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். "நெனக்கத்தான் முடியும். அல்லாட பேரை இதுல எழுத என்னால ஆவாது. வெறும் தாளாக் குடுத்தா தம்பி போயிடுவாரு. வேற என்னத்த எழுதச் சொல்ற?"

"அந்த ஏழு?"

"பெருநாளைக்கு எங்க பள்ளியிலயும் ஒன்னு மாட்டுவாங்க. தொழுவ நிக்கறப்ப எனக்கு முன்னால தொங்கும்." செருப்பை மாட்டிக்கொண்டார். "அதை நீ கேக்காத."

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி வந்தான். லெப்பையையும் வரச் சொல்லியிருந்தான். வாசலில் லோரி நின்றது. அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், தொட்டிக்கு முன்னால் தலையைக் குனிந்தான், பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே ஐந்து தாளையும் பாயில் வரிசையாகப் பரப்பினான். தோல்பையிலிருந்து பழைய ஏழில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். அவன் எழுத்தைப் படிக்கத் தெரியாதவன், ஆனால் பார்க்கத் தெரிந்தவன். அது எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

அவன் பேசினான். கருணாகரன் சொன்னான்: "எழுதினது ஒரே கைதானாம். ஆனா மொதல்ல எழுதினப்ப கை லேசா இருந்துச்சாம், இப்ப கனமா இருக்காம். வாசகமும் வேறயான்னு கேக்கறாரு."

"வேறதான்" என்றார் லெப்பை.

"படிச்சுக் காட்டச் சொல்றாரு."

கருணாகரனுக்கு அரபு எழுத்துத் தெரியாது. தமிழ் தெரியும். உள்ளதை உள்ளபடி படித்தால் அவன் காதில் என் புருஷன் பேர் விழும், அந்த நிமிஷமே எல்லாரும் லோரியில். பிஸ்மில்லாவோ வேறு எதுவோ ஓதிக் காட்டினால்? படித்துவிடுங்கள் நானா, இன்னும் ஒரே ஒரு தடவை எங்களுக்காக, என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். என் வெட்கம் எல்லாம் அவ்வளவுதான். இவர் தொட்டிக்குப் பக்கத்தில், மணிக்கட்டு வரை நீலமாக இருந்த கைகளைத் தொடையில் ஒட்டிக்கொண்டு, அவர்கள் பழக்கியபடி இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றார். நிமிரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

லெப்பை தாளைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். வாயைத் திறந்து, மெதுவாக, ராகம் போடாமல் ஒரு வாக்கியத்தைச் சொன்னார். பிஸ்மில்லா இல்லை. எனக்கு அரபு தெரியாது, ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாக்கியம் தெரியும். யாராவது செத்துப்போன செய்தி வந்தால், கேட்டவுடன் முஸ்லிம்கள் வாயில் வருகிற வாக்கியம்: நாம் ஆண்டவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம். கருணாகரனுக்கும் அது தெரியும். அவன் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. லெப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாசலில் நிற்கிற லோரியைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் ஜப்பான் பாஷையில் என்னமோ சொன்னான். சொல்லும்போது இரண்டு தடவை நிறுத்தி மறுபடி தொடங்கினான்.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினான். லெப்பை சொன்னார். அவன் முகம் இளகிப்போயிருந்தது. அப்படி ஒரு முகம் அவனுக்கு இருக்கிறது என்று நான் நினைத்ததில்லை. எழுந்து போய் வாசலில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னான், லோரி கிளம்பிப் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்" என்றான் கருணாகரன், யாரையும் பார்க்காமல். "சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் அனுப்பப் போறாராம். இன்னும் நாப்பது தாள் வேணுமாம். எல்லாத்துலயும் இதே வாசகம்தான்."

அதிகாரி பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அந்த வாக்கியத்தைத் தானும் சொல்லிப் பார்த்தான். நாக்குக்குப் படியவில்லை. லெப்பையை நிமிர்ந்து பார்த்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. லெப்பை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். அவன் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னான். சொல்லிக்கொண்டே, எழுத்து எங்கே தொடங்குகிறது என்று தேடி விரலைத் தாளின் மேல் நகர்த்தினான். விரல் வலது ஓரத்துக்குப் போய் என் புருஷன் பேரின் மேல் நின்றது. சரிதானா என்று கேட்கிற மாதிரி அந்த இடத்தில் இரண்டு தடவை தட்டினான். லெப்பை தலையை ஆட்டினார். இவர் இன்னும் குனிந்துதான் நின்றார், காது மட்டும் சிவந்திருந்தது. அதிகாரி விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, இப்போது நிறுத்தாமல், முழு வாக்கியத்தையும் முதலிலிருந்து சொன்னான்.